ரெண்டு செடானும் ஒரு ஈரிழைத் துண்டும்

சிரிப்புக்கு நான் கேரண்டிங்ணா. வயிறு வலிக்கலேன்னா சேலத்துல எறங்கி என் காசுல உங்களுக்கு டீ, பன்னு, எல்லாம். ஆனா இப்ப இல்ல. இப்பவே சிரிச்சுட்டீங்கன்னா வேஸ்ட். அந்த இடம் வர்றப்ப நானே கையைக் காட்டறேன், அப்ப சிரிங்க.

அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். அவிநாசி தாண்டினதும் "டிக்கெட் எடுத்தவங்க எல்லாம் டிக்கெட்டத் தூக்கிக் காட்டுங்க"ன்னு ஒரு குரல் வந்துச்சே, பஸ்ஸே கையைத் தூக்குச்சே, நீங்க ரெண்டு கையையும் தூக்கினீங்களே, அது கண்டக்டர் இல்லீங்ணா. நான்தான். அதான் அவரு அப்பருந்து என்னை மொறைச்சுட்டே வர்றாரு. கோவிச்சுக்காதீங்க. காலைல எந்திரிச்சு யாரையாவது ஒருத்தர ஏமாத்தலேன்னா எனக்கு இட்லி எறங்காது.

என் பேரு கபிலேஷ். பிளஸ் டூ எழுதியிருக்கேன். ரிசல்ட்டப் பத்திக் கேக்காதீங்க. குரலுக்கு மார்க் போட்டா நான்தான் ஸ்டேட் ஃபர்ஸ்ட். எங்க ஹெச்.எம். குரல்ல மைக்ல அரை நாள் லீவு விட்டிருக்கேன். நானூறு பேரு வீட்டுக்குப் போயிட்டாங்க. ஹெச்.எம். கூட பையைத் தூக்கிட்டுக் கிளம்பினாருன்னு ஒரு பேச்சு உண்டு, அது நானே கிளப்பி விட்டது. மனுசங்க மட்டும் இல்ல, குக்கர், மிக்ஸி, தண்ணி மோட்டார் எல்லாம் வரும். எங்கம்மா ஒரு தடவை மாடிக்கு ஓடிப் போயி ஓடாத மோட்டார ஆஃப் பண்ணிட்டு வந்தாங்க.

சரி, கதைக்கு வர்றேன். கதைல மொத்தம் நாலு பேரு, ரெண்டு காரு. ஒருத்தன் நான். இன்னொண்ணு மிருதுளா அக்கா, எனக்கு அஞ்சு வயசு மூத்தது. இப்ப அவளப் பாக்கத்தான் போயிட்டிருக்கேன். மூணாவது எங்கப்பா, சென்னியப்பன், கோயமுத்தூர் கணபதில பம்ப் செட்டு ஒர்க்ஷாப். நாலாவது எங்கம்மாவுக்கு அண்ணன், சிகாமணி மாமா. முழுப்பேரு தெய்வசிகாமணி. அவரு பேச ஆரம்பிச்சா தெய்வமே கொஞ்சம் தள்ளி உக்காரும்.

காரு ரெண்டும் ஸ்போர்ட் செடான். எங்கப்பாவுது நீலம், ஜெர்மன்காரன் செஞ்சது. மாமாவுது சிவப்பு, ஜப்பான்காரன் செஞ்சது. மீட்டர்ல எரநூத்தி அறுபது வரைக்கும் நம்பர் போட்டிருக்கும். இவங்க ரெண்டு பேரும் அதுல நாப்பதத் தாண்டினதில்ல. அம்பதுக்கு மேல முள்ளு போகுமான்னு முள்ளுக்கே தெரியாது.

மாமா வண்டி வாங்கி ஒன்றரை வருசம் ஆகுது, சீட்டுல கம்பெனிக்காரன் போட்ட பிளாஸ்டிக்க இன்னும் பிரிக்கல. வேர்வை படுமாம். உக்காந்தா சரக்குங்கும், எந்திரிச்சா சரக்குங்கும். எங்கப்பா அந்த அளவுக்கு மோசமில்ல. அவரு வேற மாதிரி மோசம். வண்டி தரையோட தரையா இருக்கறதால ஸ்பீடு பிரேக்கர் வந்தா அடி உரசும். அதனால ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கர்லயும் நாங்க குடும்பத்தோட எறங்கி, நடந்து தாண்டி, அந்தப் பக்கம் போயி மறுபடி ஏறிக்கணும். பட்டுச்சேலை கட்டிக்கிட்டு எங்கம்மா இப்படி மருதமலைக்குப் பாதி தூரம் நடந்தே போயிருக்காங்க. காரும் கூடவே வந்துச்சு.

ஆனா பேச்சு இருக்குதே. ஒறம்பரை, சொந்தக்காரங்க வீட்டு விசேசம் எதுவா இருந்தாலும் சரி, இலை எடுக்கறதுக்குள்ள ஆரம்பிச்சுரும். மாமா குரல்ல சொல்றேன் கேளுங்க. "மாப்ள, உங்க வண்டி ரோட்டுல ஒரு பீடித்துண்டு கெடந்தாக் கூட முதுகெலும்புக்குத் தந்தி அடிக்குமே. அதெல்லாம் ஒரு சவாரியா? என்ற வண்டி மெத்தை." உடனே எங்கப்பா, இந்த மூக்கால வர்ற குரலு, "மெத்தைதானுங்க மச்சான். அதான் வளைவுல படுத்துக்குது. என்ற வண்டி தண்டவாளத்துல போற மாதிரி நிக்கும்." இவரு ஹேண்ட்லிங்ன்னுவாரு, அவரு சவாரின்னுவாரு. ரசம் ஆறிப் போகும்.

எங்கக்கா அந்தப் பக்கமா பாயசம் ஊத்திட்டே, "அப்பா வண்டி ரோட்டப் பத்தி எல்லாத்தையும் சொல்லிரும், மாமா வண்டி எதையும் சொல்லாது. ரெண்டையும் நாப்பதுல ஓட்டிட்டு எப்படி மார்க் போடறீங்க?"ன்னு கேட்டா. மாமா, "பாப்பாவுக்கு இன்னொரு அப்பளம் வெய்யுங்க"ன்னாரு. அதாவது வாயை அடைங்கன்னு அர்த்தம்.

இப்ப விசயத்தக் கேளுங்க. அக்கா படிச்சது ஆட்டோமொபைல் எஞ்சினியரிங். போன கார்த்திகைல அவளுக்கு ஒரு வேலை வந்துச்சு. சென்னைக்குப் பக்கத்துல கார் டெஸ்ட் பண்ற டிராக். புது வண்டி வர்றப்ப ஓட்டிப் பாத்து, வளைவுல எப்படி நிக்குது, குழில எப்படி எறங்குதுன்னு பத்துக்கு இவ்வளவுன்னு மார்க் போடணும். அதாவது எங்கப்பாவும் மாமாவும் பதினெட்டு மாசமா பந்தில உக்காந்து சும்மா பண்ணிட்டிருந்த அதே வேலை. இவளுக்குச் சம்பளம் குடுத்துக் கூப்பிடறாங்க. எத்தனை ஆயிரம் பேரு எழுதி, எடுத்தது ஆறு பேரு. லெட்டர் வந்தன்னிக்கு எங்கக்கா அதை ஃபிரிட்ஜ்ல ஒட்டி வெச்சா. மார்கழி பதினஞ்சுக்குள்ள வர்றேன்னு பதில் போடணும்.

மாமா வந்தாரு, ஃபிரிட்ஜத் தொறந்து மோர் எடுத்தாரு, லெட்டரப் படிச்சாரு. "கவுண்டர் வீட்டுப் புள்ள டிரைவர் வேலைக்குப் போகுதாக்கும்"ன்னாரு. அவ்வளவுதான். எங்க பக்கத்துல பொண்ணு விசயத்துல தாய்மாமன் ஒரு வார்த்தை சொல்லிட்டா அப்பனுக்கு அதுக்கு மேல பேச்சு கெடையாதுங்ணா. காது குத்துலருந்து கல்யாணம் வரைக்கும் மொத வார்த்தை அவருது. எங்கப்பாவப் பாத்தா, "மச்சான் சரின்னா எனக்குச் சரி"ன்னு சொல்லிட்டு ஒர்க்ஷாப்புக்குக் கிளம்பிட்டாரு. முதுகெலும்பு இல்லாத மனுசன். அக்காவுக்குப் பழைய ஆம்னி வேன்ல ஓட்டக் கத்துக் குடுத்ததே அவருதான். ஒர்க்ஷாப்புக்குப் பின்னாடி காட்டுல பக்கத்து சீட்ல உக்காந்துக்கிட்டு, "நாயி வருது பாப்பா, ஆடு வருது பாப்பா"ன்னு வாய் ஓயாமச் சொல்லிச் சொல்லிக் கத்துக் குடுத்தாரு. அக்காவை மட்டும்தான் பாப்பாம்பாரு. என்னை "டேய்". அப்படிக் கத்துக் குடுத்துட்டு இப்ப மச்சான் சரின்னாத்தான் சரியாம். ஃபிரிட்ஜ்ல லெட்டர் அப்படியே இருந்துச்சு. அதுக்கு மேல அம்மா கேஸ் பில்லை ஒட்டினாங்க.

எனக்குப் பொறுக்கல. அக்காவுக்காகன்னு சொல்லுவேன், ஆனா உங்ககிட்ட எதுக்குப் பொய்? இந்த ரெண்டு பெருசையும் ஒரே கல்லுல அடிக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை.

அடுத்த விசேசம், மாமா வீட்டுக் கெடா வெட்டு. வழக்கம்போல வண்டிச் சண்டை. நான் நடுவுல புகுந்து, "கண்ணைக் கட்டிக்கிட்டு ரெண்டு வண்டியிலயும் பின்சீட்ல உக்காந்து போய்ப் பாத்துருங்க. கண்ணு இருந்தாத்தான எது யாரு வண்டின்னு தெரியும்? முதுகுக்குப் பொய் சொல்லத் தெரியாது"ன்னேன். மாமா யோசிச்சாரு. எங்கப்பா யோசிக்கவே இல்ல. "நல்ல ரோசனை, ஞாயித்துக்கெழமை வெச்சுக்கலாம்"ன்னு உடனே சொல்லிட்டாரு. அது மட்டுமா, "ஓட்டறது மூணாம் மனுசனா இருக்கணும், நம்ம ரங்கராசுவக் கூப்பிடலாம்"ன்னு அவரே எடுத்துக் குடுத்தாரு. அவ்வளவு வெள்ளந்திங்ணா.

ஏன் சிரிக்கறீங்க? இது அந்த இடமே இல்ல. இருங்க.

ரங்கராசு எங்க ஏரியாவுல ஆக்டிங் டிரைவர். சொந்த டிரைவர் இல்லாதவங்க ஒரு நாளைக்கு, ரெண்டு நாளைக்குக் கூப்பிட்டுக்குவாங்க. "சரிங் சார்" தவிர வேற பேச்சு கெடையாது. தொண்டைல எப்பவும் ஒரு சளி உருண்டுக்கிட்டே இருக்கும். அதான் எனக்கு லட்டு. சனிக்கெழமை சாயங்காலம் எங்கப்பா குரல்ல அவருக்குப் போன் போட்டேன். "ரங்கராசு, நாளைக்கு வர வேண்டாம்ப்பா." அவரு என்ன சொன்னாருன்னா, "அதான் மத்தியானமே சொல்லிட்டீங்களே சார்." பாவம், வயசாயிருச்சு. யாரு என்ன சொன்னாங்கன்னே ஞாபகம் இல்ல. நானும் "ஆமாமா, மறுபடி ஒருக்கா சொன்னேன்"ன்னு வெச்சுட்டேன்.

அட, மறுபடி சிரிக்கறீங்க. வயசானவங்களப் பாத்து அப்படிச் சிரிக்கக் கூடாதுங்ணா.

அப்புறம் அக்காகிட்ட பிளானச் சொன்னேன். ரெண்டு சவாரியும் அப்பாவோட நீல வண்டியிலயேதான். ஓட்டப் போறது அவ. ரங்கராசு குரல் நான். மாமா வண்டியோட பிளாஸ்டிக்க மட்டும் உருவிட்டு வந்து ரெண்டாவது சவாரிக்கு நீல வண்டி சீட்ல போட்டுரலாம், எலுமிச்சை வாசனை சென்ட் பாட்டிலயும் அங்கருந்து எடுத்துட்டு வந்துரலாம். மத்த சத்தமெல்லாம் என் பொறுப்பு. அக்கா, "அப்பாவுக்குத் தெரிஞ்சா?"ன்னா. "அவருக்கு எங்க தெரியும்"னேன். "சரி"ன்னுட்டு உள்ள போயிட்டா. அவளும் அப்பா மாதிரிதான், விவரம் பத்தாது.

ஞாயித்துக்கெழமை காலைல காளப்பட்டிக்குப் பக்கத்துல சைட் போட்டு விக்காம கெடக்கற ஒரு லே-அவுட். ரெண்டு வண்டியவும் அங்க கொண்டாந்து நிறுத்தியாச்சு. அங்கருந்து குரும்பபாளையம் போற வழில ஒரு பிரிவு வரைக்கும் போயிட்டு வந்தா நாலு கிலோமீட்டர். வளைவு ஒம்பது, குழி எண்ண முடியாது. அளவு என்னன்னா, ஆளுக்கு ஒரு கைல சொம்பு. விளிம்பு வரைக்கும் தண்ணி. எவ்வளவு சிந்துதோ அவ்வளவு மோசமான சவாரி. மடில ஒரு தட்டு, தட்டுல ஒரு எலுமிச்சம்பழம். வளைவுல பழம் உருண்டு தட்டோட விளிம்புல எத்தனை தடவை மோதுதோ அவ்வளவு மோசமான ஹேண்ட்லிங். ஆயிரம் கோடில டெஸ்ட் டிராக் கட்டறவன் எல்லாம் வந்து எங்ககிட்டக் கத்துக்கணும்.

ரங்கராசு வந்துட்டே இருக்காருன்னு சொல்லி மாமாவுக்குக் கண்ணைக் கட்டினது எங்கம்மாவோட ஊட்டி சால்வை. கம்பளி. மனுசன் மார்கழியிலயும் வேர்த்துட்டாரு. எங்கப்பாவுக்கும் அதே மாதிரி ஒண்ணு எடுத்து வெச்சிருந்தேன். "எனக்கு அரிக்கும்டா"ன்னுட்டு தோள்ல கெடந்த அவரோட ஈரிழைத் துண்டையே எடுத்துக் கட்டிக்கிட்டாரு. ஒர்க்ஷாப்புக்குப் போட்டுட்டுப் போறது, நூறு தடவை தொவைச்சது. ஸ்போர்ட் செடான்ல ஏறுறவரு துண்டைக் கட்டிக்கிட்டு ஏறுறாரு பாருங்க. பட்டிக்காடு.

என்னங்ணா, தண்ணி குடிங்க. பொரை ஏறுது பாருங்க.

மொத சவாரி. இது அப்பா வண்டின்னு அவங்ககிட்ட சொல்லல, சொல்லவும் வேண்டியதில்ல. வண்டில ஸ்போர்ட்னு ஒரு பட்டன் உண்டு. அதை அமுக்குனா சஸ்பென்சன் கல்லு மாதிரி ஆயிரும். எங்கப்பா வாங்கின நாள்லருந்து அதுலதான் ஓட்டுவாரு, நாப்பதுல. அக்காவும் அதுலயே ஓட்டினா. ஓட்டினதும் அச்சு அசல் எங்கப்பா மாதிரி. வளைவு வந்தப்புறம் பிரேக்கு, பிரேக்க விட்டப்புறம் ஸ்டியரிங்கு. நான் குரல்ல பண்ற மிமிக்ரிய அவ காலுல பண்றா. சொம்புல பாதி மாமா வேட்டில. எலுமிச்சம்பழம் தட்டுல கபடி ஆடுது. மாமா, "இது மாப்ள வண்டிதான், சந்தேகமே இல்ல. என்ற குறுக்கெலும்பு சொல்லுது"ன்னாரு. ரங்கராசு குரல்ல நான், "சரிங் சார்."

திரும்பி வந்ததும் ரெண்டு பேரையும் எறக்கி, கையைப் புடிச்சு லே-அவுட்ல ஒரு சுத்து சுத்தவிட்டேன். அடுத்த வண்டிக்குப் போற மாதிரி. அதுக்குள்ள அக்கா பிளாஸ்டிக்க விரிச்சு, சென்ட மாத்தி, ஸ்போர்ட்ட அணைச்சு கம்ஃபர்ட்னு இருக்கற பட்டன அமுக்கிட்டா. நடக்கற வழில ஒரு சேத்துக் குழி. மாமா நேரா அதுல எறங்கினாரு, கணுக்கால் வரைக்கும். எங்கப்பாவுக்கு அதிர்ஷ்டம், சரியா அதைத் தாண்டிக் கால் வெச்சுட்டாரு.

ஹாஹா, ஆமாங்ணா, மாமா சேத்துல எறங்கினது சிரிப்புதான். இதுக்கு வேணா சிரிச்சுக்கோங்க. ஆனா மெயின் இடம் இன்னும் வரல.

ரெண்டாவது சவாரி, அதான் என் மாஸ்டர்பீஸ். அதே வண்டிதான், ஏறி உக்காந்தாங்க, சரக். மாமா மூஞ்சில அப்படி ஒரு நிம்மதி, சொந்த வீட்டுக் கட்டில்ல உக்காந்த மாதிரி. சீட் பெல்ட் சத்தம் மாமா வண்டில பிங் பிங் பிங். குடுத்தேன். இண்டிகேட்டர் டிக்கிடிக்கு. குடுத்தேன். வழி சொல்ற இங்கிலீஷ் அம்மா, காளப்பட்டிய "கேலபேட்டி"ன்னு சொல்லும். "இன் டூ ஹண்ட்ரட் மீட்டர்ஸ், டர்ன் லெஃப்ட் டு கேலபேட்டி." குடுத்தேன். இதுக்கு நடுவுல மாமா, "ஏ ரங்கராசு, மவ கல்யாணம் எப்படி நடந்துச்சு?"ன்னு கேக்கறாரு. சளிய உருட்டிக்கிட்டே, "நல்லா நடந்துச்சுங் சார், மாப்ளைக்குத்தான் கொஞ்சம் காது கேக்காது." அப்ப எங்கப்பா உளறினாரு பாருங்க. "ரங்கராசு, நீ முன்னாடி கார் கம்பெனில டெஸ்ட் டிரைவரா இருந்தவனாமே, வண்டிக்கு மார்க் போடற வேலையாமே?" அவரு எங்கருந்து இதைப் புடிச்சாருன்னே தெரியல. நான் ஆடிப் போயிட்டேன். ஆனாலும் சமாளிச்சு, "ஆமாங் சார், அது ஒரு காலமுங்." மாமா, "அப்படிப் போடு. கை பேசுதே, கேக்காமயே தெரியுது"ன்னாரு.

அக்கா ஓட்டினாங்ணா. நான் என்னத்தச் சொல்ல. வளைவுக்கு முன்னாடியே வேகத்தக் கொறைச்சு, வெண்ணைல கத்தி எறங்கற மாதிரி உள்ள விட்டு வெளிய எடுக்கறா. எலுமிச்சம்பழம் தூங்கிருச்சு. எனக்குப் பாக்க எங்க நேரம்? மாமா வண்டியோட எஞ்சின் சத்தம் நீட்டமா வரணும், மேல போறப்ப ஒரு ஊளை மாதிரி. அதுக்கு நான் கண்ணை இறுக்க மூடிக்கணும், அப்பத்தான் தொண்டை தொறக்கும். போக வர முக்கால்வாசி தூரம் நான் கண்ணைத் தொறக்கவே இல்ல. நடுவுல ஒரு இடத்துல வண்டி பஞ்சு மாதிரி நின்னுச்சு. நாய் ஒண்ணு குறுக்க வந்துச்சுன்னு அக்கா அப்புறமாச் சொன்னா. சொம்புல சொட்டு சிந்தல. மாமா, "பாத்தீங்களா மாப்ள, நின்னதே தெரியல. இதாங்க ஜப்பான்"ன்னாரு. ஜெர்மன்காரன் வண்டில உக்காந்துக்கிட்டு.

எங்கப்பா தோத்துட்டாருன்னா எப்படித் தோத்தாருங்கறீங்க. ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. "ஒத்துக்கறனுங்க மச்சான், வண்டி உங்குளுதுதான் ஒசத்தி. ஆனா வண்டிய விடுங்க, டிரைவருக்கு எத்தனை மார்க்கு போடுவீங்க?" மாமா, "பத்துக்குப் பத்து." "உங்க சிவப்பு வண்டிய நம்பிக் குடுப்பீங்களா?" "சாவியக் கைல குடுத்துட்டுத் தூங்குவேன்." "இப்படி ஒரு கையி சும்மா வீட்ல உக்காந்திருந்தா?" "பாவமுங்க மாப்ள. உக்கார வெக்கறவன் மடையன். எந்தக் கம்பெனி கூப்பிட்டாலும் அனுப்பணும். நான் சொல்றேன், அனுப்பணும். இது என் வார்த்தை." ஜெயிச்ச மெதப்புல மாமா வாரி எறைக்கறாரு. எங்கப்பா பைத்தியக்காரத்தனமா ஒவ்வொண்ணாக் கேட்டுக் கேட்டு வாங்கறாரு. எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு குமுறுது.

லே-அவுட்டுக்கு வந்து வண்டிய நிறுத்தினதும் என் சொந்தக் குரல்ல, "பெரியோர்களே, கட்டை அவுத்துக்கலாம்"னேன்.

இப்ப கையைக் காட்டறேன். இதாங்ணா அந்த இடம். மாமா சால்வைய அவுக்கறாரு. மொதல்ல ஸ்டியரிங்ல ஜெர்மன்காரன் முத்திரை. அப்புறம் முன்னாடி நீல பானட். அப்புறம் சீட்டுல அவரோட சொந்தப் பிளாஸ்டிக்கு. அப்புறம் ஸ்டியரிங்கப் புடிச்சிருக்கற கை, கைல வளையலு. கண்ணாடில அக்கா. எங்கப்பா, "அடப்பாவி, எங்க ரெண்டு பேரையும் ஏமாத்திட்டியாடா"ன்னு என் முதுகுல ஒண்ணு வெச்சாரு. அப்புறம் மாமாவப் பாத்து, "என்னங்க மச்சான் பண்றது, நீங்க வார்த்தை வேற குடுத்துட்டீங்களே"ன்னாரு. மாமா அஞ்சு நிமிசம் சேத்துக் காலைத் தொடைச்சாரு. அப்புறம், "சொன்னது சொன்னதுதான். ஆனா பொங்கலுக்கு வர்றப்ப என்ற வண்டியவும் ஓட்டிப் பாத்து பாப்பா மார்க் சொல்லோணும்"ன்னாரு. இப்ப ஊர்ல போயிக் கேளுங்க, "மருமவளுக்கு மொத மார்க் போட்டு அனுப்பினதே நான்தான்"ம்பாரு.

என்னங்ணா, சிரிக்கல? சேத்துக் குழிக்குச் சிரிச்சீங்க, போனுக்குச் சிரிச்சீங்க, இங்க வந்து சும்மா மீசையத் தடவறீங்க.

உங்களுக்கு என் வருத்தம் புரியல. அஞ்சு மாசம் ஆச்சு. அக்கா வேலைக்குச் சேந்து, மொத சம்பளம் வாங்கி, அம்மாவுக்குச் சேலை, மாமாவுக்கு வேட்டி, அப்பாவுக்குக் கைக்கடிகாரம். எனக்கு? மொபைல் கவரு. இந்த வேலைய வாங்கிக் குடுத்ததே நானு. ஒரு தேங்க்ஸ் கெடையாது. அப்பாவுக்குப் போன் பண்ணா மணிக்கணக்குல பேசி, ரெண்டு பேரும் எதுக்கோ சிரிச்சுக்கறாங்க. நான் போனா நிறுத்திக்கறாங்க. இன்னிக்கு நான் கெளம்பறப்ப பாருங்க, அக்காவுக்கு அம்மா பருப்புப் பொடி குடுத்தாங்க, சரி. எங்கப்பா என்ன குடுத்துவிட்டாருங்கறீங்க? அந்த ஈரிழைத் துண்டு. தொவைச்சு, இஸ்திரி போட்டு, பேப்பர்ல சுத்தி. "பாப்பாகிட்டக் குடு, புரிஞ்சுக்குவா"ன்னாரு. சென்னைல துண்டு கெடைக்காதா?

ஏங்ணா இப்படிச் சிரிக்கறீங்க. கண்டக்டர் பாக்கறாரு. நிறுத்துங்க.

நம்பலேன்னா ஆதாரம் இருக்குது. அன்னிக்கு முழுசும் சட்டைப் பாக்கெட்ல போன்ல ரெக்கார்டு பண்ணி வெச்சிருக்கேன். எரநூறு தடவை கேட்டிருப்பேன். இந்தாங்க, ஒரு இயர்போன் உங்களுக்கு, ஒண்ணு எனக்கு. இது இங்கிலீஷ் அம்மா. இது ரங்கராசு. எப்படி? இருங்க, என் மிமிக்ரி இல்லாத எடமெல்லாம் ஓட்டி விட்டுர்றேன், அதுல ஒண்ணும் இல்ல. நான் எப்பவும் அப்படித்தான் கேப்பேன். இது எஞ்சின், கேளுங்க அந்த ஊளைய. ம்... இப்ப நிக்குது பாருங்க, இதான் அந்த நாய்.

என்ன? திருப்பிப் போடணுமா? எஞ்சின் அவ்வளவு புடிச்சிருக்கா?

இல்லீங்ணா, பின்னாடி ஏதோ கேக்குதுன்னா, அது மாமா சீட்ல அசையற சத்தம். பிளாஸ்டிக்கு. குரலா? அந்த எடத்துல யாரும் பேசல. நான் எஞ்சின் மட்டும்தான் குடுத்தேன். சரி, சத்தம் ஏத்தி வெக்கறேன்.

...

இன்னொரு தடவை.

"நாயி வருது, பாப்பா."

இது நான் பேசினதில்ல. இந்தக் குரல நான் பேசுவேன், ஆனா இது நான் பேசினதில்லீங்ணா. மெதுவா, மூக்கால, என் எஞ்சின் ஊளைக்கு அடியில. அதுக்கப்புறம் அக்கா, "பாத்துட்டேன்ப்பா." ரெண்டு செகண்டு கழிச்சுத்தான் பிரேக்கு.

ரங்கராசு மத்தியானமேன்னு சொன்னாருல்ல.

இருங்க, பைய எடுங்க, கீழ இருக்குது. பேப்பரக் கிழிச்சாப் பரவால்ல. இந்தாங்க, இந்த முனையப் புடிங்க. பின்னாடி முடிச்சுப் போடுங்க, இறுக்கமா. அன்னிக்குக் கட்டின மாதிரி.

...

உங்க மீசை தெரியுது. சட்டைல மூணாவது பட்டன் வேற நூல்ல தெச்சிருக்கு. கண்டக்டர் மொறைக்கறாரு. கண்ணாடிக்கு வெளிய, சங்ககிரி எட்டு கிலோமீட்டர்னு போட்டிருக்கு.

சிரிங்கண்ணா. அந்த இடம் வந்துருச்சு.